ஏழு மாடியா, ஆறு ஏக்கரா, இரண்டு முற்றமா?

போன வருடம் எங்கள் கணக்குப் பிரிவுக்கும் ஏற்றுமதிப் பிரிவுக்கும் நடுவே ஒரு விலைப்பட்டியல் ஒன்பது நாள் அலைந்தது. "தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்" என்று தொடங்கிய மின்னஞ்சல் போகப் போகச் சூடேறியது. ஐந்தாம் நாள் முகாமையாளர்களுக்குப் பிரதி போனது. ஏழாம் நாள் ஒருவர் மற்றவரின் பெயரைக்கூட எழுதாமல் "சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்" என்று எழுதுமளவுக்கு வந்துவிட்டது. பத்தாம் நாள் பாலையூற்றில் ஒரு செத்த வீடு. அந்த இருவருக்கும் தகரப் பந்தலின் கீழ் பக்கத்துப் பக்கத்துக் கதிரை கிடைத்தது. பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்டி வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருவர், "அதில கொள்கலன் இலக்கம் ஒண்டு மாறிக் கிடக்குப் போல" என்றார். மற்றவர் ஃபோனை எடுத்து விரித்துப் பார்த்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் விஷயம் முடிந்தது.

அந்த இரண்டு கந்தோருக்கும் இடையே நடை தூரம் பன்னிரண்டு நிமிடம்.

எங்கள் நிறுவனம் திருகோணமலையில் மீன் ஏற்றுமதியில் தொடங்கி, குளிரூட்டிய லொறி, களஞ்சியம், பிறகு உப்புவெளிப் பக்கம் இரண்டு விடுதி என்று வளர்ந்தது. வளர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு வாடகை வீடு எடுத்தோம். அதனால் "தலைமைக் கந்தோர்" என்று கடிதத் தலைப்பில் அச்சடிக்கும் இடம் உண்மையில் ஐந்து இடம். கணக்கு, பிரதான வீதியில் ஒரு கடைக்கு மேலே. மனிதவளம், உவர்மலையில் ஒரு பழைய வீட்டில். கணினிப் பிரிவு, யாரோ குடும்பம் நடத்திய வீட்டின் படுக்கையறையில்; குளியலறைக் கதவில் இன்னமும் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. எல்லாம் சேர்த்து நானூறு பேர். இப்போது ஒரே கூரைக்குள் போக வேண்டும் என்று முடிவாகி, மூன்று வரைபடங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. தெரிவுக் குழுவில் நானும் ஒருவன். பாடசாலையோ வைத்தியசாலையோ கூட்டுறவுச் சங்கமோ இதே கேள்வியோடு நிற்கக்கூடும் என்பதால், நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதிவைக்கிறேன்.

முதலாவது, நகரத்துக்குள் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், காணியில் ஏழு மாடி. இரண்டாவது, கன்னியாப் பக்கம் ஆறு ஏக்கரில் எட்டுச் சிறு கட்டடங்கள், நடுவில் நடைபாதைகள். மூன்றாவது, உட்துறைமுக வீதிக்குக் கிட்ட எங்களுடைய பழைய ஐஸ் களஞ்சியம் நிற்கும் ஒன்றரை ஏக்கரில், இரண்டு முற்றங்களைச் சுற்றி மூன்று தளக் கட்டடம். எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் எங்கே சாய்ந்து எழுதுகிறேன் என்று வாசிப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் "ஒத்துழைப்பு", "குழு உணர்வு" என்றே பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சொற்களை வைத்து ஒரு சுவரைக்கூட எங்கே எழுப்புவது என்று முடிவு செய்ய முடியாது. அளக்கக்கூடிய ஏதாவது வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த தோமஸ் அலன் என்ற பேராசிரியர் 1970களில் பொறியியலாளர்கள் யாரோடு எத்தனை முறை பேசுகிறார்கள் என்று எண்ணினார். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைந்தது. சுமார் 50 மீட்டர் தாண்டியவர்கள் வாரத்துக்கு ஒருமுறை பேசுவதே அபூர்வம். மின்னஞ்சல் வந்தபிறகு இது மாறியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பிற்காலத்தில் அவரே திரும்பப் பார்த்தபோது, நேரில் அடிக்கடி காண்பவரோடுதான் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அதிகம் பேசுகிறோம் என்று தெரிந்தது. எங்கள் விலைப்பட்டியல் கதைக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

ஐம்பது மீட்டர் என்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, களஞ்சியத்துக்குள் அளவுநாடா பிடித்து நடந்தேன். எழுபது காலடி. அதை மனதில் வைத்துக்கொண்டு உலகத்தின் பேர்போன தலைமையகங்களைப் பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வருகிறது. குப்பர்ட்டினோவில் 2017இல் திறந்த ஆப்பிள் பார்க் பன்னிரண்டாயிரம் பேருக்கான ஒரே வளையம். ஒருவரையொருவர் எதிர்பாராமல் சந்திக்க வைப்பதே நோக்கம் என்றார்கள். வளையத்தின் விட்டம் 460 மீட்டருக்குக் கிட்ட. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைக் காண உள்ளே சுற்றிப்போனால் 700 மீட்டர். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏறுவதுபோல, அதற்கென்று ஒரு மனது வைத்துப் புறப்பட வேண்டும். அந்த வளையத்தைத் திட்டமிட்ட ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்கு முன்பு பிக்சார் என்ற கார்ட்டூன் பட நிறுவனத்துக்கு எமெரிவில்லில் கட்டி 2000இல் திறந்த கட்டடம்தான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. முதல் திட்டத்தில் கணினிக்காரர்களுக்கு ஒன்று, சித்திரக்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என மூன்று கட்டடம். அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லோரையும் ஒரே கட்டடத்தில் போட்டு, நடுவில் பெரிய கூடம் வைத்தார். உணவகம், கூட்ட அறைகள், தபால் பெட்டிகள் எல்லாம் அந்தக் கூடத்தைச் சுற்றி. கழிப்பறைகூட அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். கர்ப்பிணிப் பெண்கள் என்ன செய்வது என்று ஊழியர்கள் எதிர்த்தபின் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கிவந்தார்.

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஆட்கள் "சந்திப்பதற்கு" என்று ஒதுக்கிய இடத்துக்கு யாரும் போகமாட்டார்கள். போயே ஆக வேண்டிய வேலைக்குப் போகும் வழியில்தான் சந்திப்பார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். பாதைக்குக் காத்து நின்ற அந்த நேரத்தில் பேசாத ஆள் கிடையாது. கல்யாணம் பேசினோம், மாடு விலை பேசினோம். பாதை திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் அப்படி எல்லோரும் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் எது என்பதுதான் நான் மூன்று வரைபடத்திலும் தேடியது.

ஏழு மாடியில் அந்த இடம் லிஃப்ட் வாசல். அங்கே நிற்பவர்கள் பேசுவதில்லை, மேலே ஓடும் இலக்கத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மாடிக்கு ஏழாயிரம் சதுர அடி. ஒரே மாடியில் இருக்கும் அறுபது பேருக்கும் இடையே நாற்பது மீட்டருக்கு மேல் தூரமே இல்லை, அந்தக் கணக்கில் அருமையான கட்டடம். சிக்கல் மேலே கீழே. மூன்றாம் மாடிக்காரருக்கு ஐந்தாம் மாடி வேறு ஊர். இன்றைக்கு ஐந்து வாடகை வீடு, நாளைக்கு ஏழு; ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அதோடு மாடி என்று வந்துவிட்டால் பதவியும் மாடி ஏறும். பணிப்பாளர்கள் உச்சியில், கணக்கு நடுவில், சாரதிகளும் களஞ்சியக்காரரும் தரையில். வரைபடத்தில் யாரும் அப்படி எழுதவில்லை. ஆனாலும் எழுதாமலே அது நடந்துவிடும்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் கட்டடம் முழுக்க நீலக் கண்ணாடி, திறக்காத ஜன்னல். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனது யாருக்கும் மறந்திருக்காது. அப்போது எங்கள் வாடகை வீடுகள் பழசானாலும் ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை செய்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் டீசல் தீர்ந்தால் கதை முடிந்தது. கடல் உப்பு ஏ.சி.யின் வெளிப்பெட்டியை எப்படித் தின்கிறது என்பதை விடுதி நடத்துகிற நாங்கள் பணம் கொடுத்தே படித்திருக்கிறோம்.

ஆனால் உயரக் கட்டடமென்றாலே அடைத்த பெட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு 1970களின் இறுதியில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பன்னிரண்டு மாடி வரைந்தார், காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி. ஆகவே "ஏழு மாடி வேண்டாம்" என்று நான் சொல்வது உயரத்துக்காக அல்ல. எங்கள் கைக்கு வந்திருக்கும் இந்த ஏழு மாடியைத்தான் சொல்கிறேன். இதைத்தான் எடுப்பது என்று குழு முடிவு செய்தால் மூன்று திருத்தம் கேட்பேன். லிஃப்டுக்கு முன்னால், வெளிச்சமான இடத்தில் அகலமான படிக்கட்டு. இரண்டு இரண்டு மாடியாகத் தளத்தைத் திறந்து இணைப்பது. கன்ரீனை உச்சியில் வைக்காமல் நடு மாடியில் வைப்பது. அப்போதுதான் மேலேயும் கீழேயும் மூன்று மாடிக்கு மேல் யாரும் ஏறி இறங்க வேண்டியிருக்காது. மொட்டைமாடியில் துறைமுகத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று படத்தில் போட்டிருக்கிறார்கள். வரைந்தவர் ஜூலை மாதத்தில் இங்கே வந்ததில்லை போலும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் அந்தக் கடதாசித் தட்டுகளைக் கடலில் போய்ப் பொறுக்க வேண்டிவரும்.

ஏழு மாடிக்கு உள்ள ஒரே பெரிய பலம், இடம். பஸ் நிலையம், சந்தை, வங்கி, பாடசாலை எல்லாம் நடந்து போகிற தூரம். எங்கள் பெண் ஊழியர்களில் பலர் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அப்படியே கந்தோருக்கு வருகிறவர்கள். இது சின்ன விஷயம் இல்லை.

ஆறு ஏக்கர் திட்டத்தில் அந்தப் பலம் அப்படியே போய்விடுகிறது. படம் என்று பார்த்தால் மூன்றிலும் அழகு அதுதான். மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரும். குன்றுச் சரிவுகளில் சிறு சிறு கட்டடம், கூரை போட்ட நடைபாதை, மரம். அதுவும் பாவாவின் வேலைதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் மணி அடித்தால் எல்லோரும் எழும்பி அடுத்த மண்டபத்துக்கு நடந்தாக வேண்டும். கந்தோரில் அப்படி எழுப்ப யாரும் இல்லை. எங்கள் வரைபடத்தில் முதல் கட்டடத்துக்கும் எட்டாவதுக்கும் 250 மீட்டர். ஐப்பசி பிறந்து தை வரைக்கும் வாடைக் காற்றோடு வரும் மழை நேராக விழாது, பக்கவாட்டில் அடிக்கும். கூரை மட்டும் போட்ட நடைபாதையில் கோப்போடு போகிறவர் இடுப்புக்குக் கீழே நனைந்துதான் சேருவார். இரண்டாம் நாளே ஃபோனில் பேசிக்கொள்ளத் தொடங்கிவிடுவோம்.

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 முதல் நடத்தும் அலுவலகத்தை ஒரு பணிப்பாளர் உதாரணம் காட்டினார். நல்ல உதாரணம்தான், ஆனால் அது எங்களுக்கு எதிராகவே பேசுகிறது. அங்கே வேலையை ஆட்கள் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்கள் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று நாலு பக்கமும் இருக்கிறார்கள். எல்லோரும் வந்துசேரும் முடிச்சு நகரம். நகரத்தைத் தாண்டி இன்னும் எட்டுக் கிலோமீட்டர் போ என்பது எல்லோருக்கும் இரண்டாவது பஸ். மாலை நாலரைக்கு அந்தப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்களிடம் குழு உணர்வைப் பற்றி யார் பேசுவது? இந்தத் திட்டத்தில் இதற்கு மேல் மினக்கெட எனக்கு மனமில்லை. காணியை விற்காமல் வைத்திருந்தால் போதும்.

சரி, முற்றம்.

யாழ்ப்பாணத்திலும் இங்கே பழைய குடும்பங்களிலும் இருந்த நாற்சார் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் தெரியும் முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். ஆச்சி ஓர் இடத்தில் இருந்தபடியே யார் எழும்பினார்கள், யார் சாப்பிடவில்லை, யாருடைய முகம் சரியில்லை என்று தெரிந்துகொள்வாள். அவள் யாரையும் தேடிப் போகவில்லை. குசினிக்குப் போகிற எவரும் அவளுக்கு முன்னால்தான் போக வேண்டும். எங்கள் மூன்றாவது வரைபடம் அதையே பெரிதாக்கி மூன்று தளத்தில் செய்கிறது. கட்டடம் வெளியளவில் அறுபது மீட்டருக்கு முப்பத்தெட்டு. உள்ளே பதினெட்டுக்குப் பதினாறு மீட்டரில் இரண்டு முற்றம். இரண்டுக்கும் நடுவே உள்ள முதுகில் படிக்கட்டு, தேத்தண்ணி, நகல் இயந்திரம், கழிப்பறை. கணக்குக்காரர் எதற்கு எழும்பினாலும் அந்த முதுகுக்குத்தான் வர வேண்டும், ஏற்றுமதிக்காரரும் அங்கேதான்.

மூலைக்கு மூலை விறாந்தை வழியாக நடந்தால் தொண்ணூற்றெட்டு மீட்டர். அலன் கணக்கில் இது தோல்வி. அதனால் யாரை எந்த முற்றத்தைச் சுற்றி வைப்பது என்பது கட்டடத்தைவிடப் பெரிய முடிவு. கணக்கு, ஏற்றுமதி, லொறிப் பிரிவு மூன்றும் ஒரே முற்றத்தில். விடுதி முன்பதிவு, சந்தைப்படுத்தல், கணினி மற்றதில். முதுகு இரண்டுக்கும் பொது. ஸ்டொக்ஹோமில் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனத்துக்கு நீல்ஸ் டோர்ப் 1988இல் முடித்த தலைமையகத்திலும், ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் எயர்வேய்ஸுக்கு அவரே 1998இல் செய்ததிலும் இந்த முதுகு ஒரு முழுத் தெருவாகவே இருக்கிறது, மேலே கண்ணாடிக் கூரை போட்டு. குளிர் நாட்டுக்கு அது சரி. இங்கே கண்ணாடிக் கூரை போட்டால் அதன் கீழே கருவாடு காயவைக்கலாம்.

விறாந்தையின் அகலத்துக்காக இரண்டு கூட்டம் சண்டை பிடித்தோம். வரைபடத்தில் ஐந்தடி. இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று சொல்ல வேண்டிவரும். அப்படி இரண்டு முறை சொல்லக் கேட்டால் அந்த இருவரும் மூன்றாம் முறை அங்கே நிற்கமாட்டார்கள். கன்ரீனிலிருந்து இரண்டு பெடியன்களைக் கூட்டிவந்து களஞ்சியத் தரையில் சோக்கால் கோடு போட்டு நிற்கவைத்துப் பார்த்தோம். ஆறடியிலும் இடிபட்டது. எட்டடியில் ஒருவர் தூணில் சாய்ந்து நின்றார், மற்றவர் கைப்பிடிச் சுவரில் கோப்பையை வைத்தார், மூன்றாவது ஆள் ஒரு பெரிய பெட்டியோடு தாண்டிப் போனார். எட்டடி என்று எழுதிக்கொண்டோம். கைப்பிடிச் சுவரின் மேற்பகுதி ஒரு கோப்பை நிற்கும் அகலத்துக்குத் தட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

வெயிலைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களை நம்பக்கூடாது. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பார்கள். திருகோணமலை வட அகலக்கோடு 8.5 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசிவரை மத்தியானத்தில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். கச்சான் அடிக்கும் மாதங்களும் அவைதான். ஆகவே நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், இரண்டுக்கும் ஆழமான தாழ்வாரம் இருக்கட்டும், மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்துக் களஞ்சிய அறைகளைப் போடட்டும். ஒருவெலை என்ற இடத்தில் எஃகுக் கூட்டுத்தாபனத்துக்கு 1960களின் இறுதியில் பாவா செய்த அலுவலகத்தில், மேல்தளம் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைத் தாண்டி வெளியே நீண்டு நிழல் கொடுக்கும். சுவரே துளைபோட்ட கொங்கிரீட் பலகை. இந்த யோசனைக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது.

அதே கட்டடத்தில் கீழே ஒரு தடாகம் இருக்கிறது. எங்கள் கட்டடக் கலைஞரும் இரண்டு முற்றத்திலும் அல்லிக் குளம் வரைந்து தந்தார். பார்க்க மிக அழகு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று தெரிந்த எவரும் அதற்குக் கைநாட்டு வைக்கமாட்டார்கள். குளத்தை நீக்கிவிட்டு ஒரு முற்றத்தில் வேம்பு, மற்றதில் வெறும் மணல் என்று மாற்றினோம். நவம்பர், டிசம்பரில் ஒரே இரவில் கொட்டும் மழை முற்றத்தில் தேங்காமல் போக வாய்க்காலை அகலமாக்கக் கேட்டிருக்கிறோம். தரைத்தளத்தை வீதியிலிருந்து மூன்றடி உயர்த்தவும், கணினிச் சேவையகத்தை முதலாம் மாடிக்கு ஏற்றவும் சொல்லியிருக்கிறோம். கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வருவதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். இது மூன்றாவது திட்டத்தின் உண்மையான பலவீனம்.

இன்னொரு பலவீனம், முற்றத்தில் எல்லாம் தெரியும். யார் யாருடைய அறைக்குள் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், கண் துடைத்துக்கொண்டு வந்தாரா என்பது எல்லாம். சம்பளப் பிரச்சினை, முறைப்பாடு, விலகல் கடிதம் இவற்றோடு போகிறவருக்கு அது கொடுமை. ஆகவே மனிதவளப் பிரிவுக்கு மட்டும் முற்றத்தைப் பார்க்காத இன்னொரு வாசல் கேட்டோம். முன்பதிவுப் பிரிவின் தொலைபேசிச் சத்தம் முற்றத்தில் எதிரொலிக்கும், அவர்களுக்குக் கதவுள்ள அறை. அப்புறம் மான்கள். கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் இரவில் வீதிக்கு வந்து குப்பையைக் கிளறுவது எங்களுக்குப் பழக்கம், கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞருக்கு அது தெரியாது. திறந்த வாசலோடு புல் முற்றம் வரைந்திருந்தார். காலையில் வேலைக்கு வந்தால் எங்களுக்கு முன்னால் அவைதான் வரவு பதிந்திருக்கும்.

அறைகளுக்குள் எப்படி என்பது மூன்று திட்டத்துக்கும் பொதுவான கேள்வி. சுவரையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே மண்டபமாக்கினால் எல்லோரும் பேசுவார்கள் என்று முன்பு நானும் நினைத்தேன். 2018இல் ஹாவர்ட்டைச் சேர்ந்த பேர்ன்ஸ்டைன், டேர்பன் என்ற இருவர், பெரிய நிறுவனங்கள் இரண்டின் தலைமையகங்கள் திறந்த மண்டபமாக மாறுவதற்கு முன்னும் பின்னும் ஊழியர் கழுத்தில் உணர்கருவி மாட்டி அளந்தார்கள். நேர்ப்பேச்சு 70 வீதமளவில் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. நாலு பக்கமும் கண் இருந்தால் மனிதர் காதுக்குள் எதையாவது செருகிக்கொண்டு திரைக்குள் போய்விடுகிறார். நெதர்லாந்தில் ஆப்பல்டோர்ன் நகரத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1972இல் முடித்த கட்டடம் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஒன்பது மீட்டர் சதுரத் தளங்களை அடுக்கி, இடையே வெளிச்சம் விழ இடம் விட்டு, மிச்சத்தை ஊழியர்களே செடியும் படமும் கொண்டுவந்து நிரப்ப விட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் அறை, விறாந்தைக்குத் திறக்கும் கதவு. எங்களுக்கு இது போதும்.

கன்ரீனைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் யாரும் கேட்காத ஒன்றை நாங்கள் கேட்டோம். எந்த ஒரு சமூகமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே பிரிவில் நல்லபடி வேலை செய்கிறோம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேசைகளைப் பார்த்தால் மூன்று மொழி மூன்று மூலையில். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை, சாப்பிடும்போது வாய்க்கு வருகிற மொழியில் பேச விருப்பம், அவ்வளவுதான். அதைக் கட்டடத்தால் மாற்றப் பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் தடையை எடுக்கலாம். இப்போதைய சமையலறையில் ஹலால் அடுப்பும் மரக்கறி அடுப்பும் தனித்தனி ஜன்னல், தனித்தனி வரிசை, ஆகவே மேசையும் தனித்தனி ஆகிவிட்டது. புதியதில் அடுப்புகள் தனி, வரிசை ஒன்று. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போவதால், நகரத்துக்குள் இருப்பதே ஒரு வசதி. தொழுகை அறைக்குப் பக்கத்தில் கால் கழுவும் குழாய் முதலிலேயே வரைபடத்தில் வர வேண்டும். பிறகு போட்டால் கழிப்பறைக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும், எங்கள் இப்போதைய கந்தோரில் நடந்தது அதுதான்.

களஞ்சியத்தின் வெளிச்சுவரோரம் மத்தியான நிழலில் நாலைந்து பேர் எப்போதும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் இருந்தது. அதைப் பின்பக்கம் தள்ளி, சுவரோரம் பத்தடியைத் தாழ்வாரத்தோடு வீதிப் பக்கமாகவே விட்டிருக்கிறோம். எங்கள் தொழில் தொடங்கியது அவர்களுடைய மீனில்.

பணத்தைப் பார்த்தால், சதுர அடிக்கு அதிகம் கேட்பது ஏழு மாடி: ஆழ அத்திவாரம், லிஃப்ட், தீயணைப்பு, பெரிய ஜெனரேட்டர். ஆறு ஏக்கரில் கட்டடம் மலிவு, வீதியும் மதிலும் கேபிளும் காவலும் அந்த மலிவைச் சாப்பிட்டுவிடும். முற்றத்துக்குச் சுவரும் கூரையும் அதிகம், இயந்திரம் குறைவு. காணி ஏற்கெனவே எங்களுடையது.

போன கிழமை கூட்டத்துக்கு முதலாளி வந்தார். மூன்றாவது வரைபடத்தை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். வேம்பு நிற்கும் முற்றத்தைப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, எனக்கு எங்க அறை போட்டிருக்கு?" என்று கேட்டார். முதலாம் மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், தேத்தண்ணி இடத்துக்கு எதிரே இருக்கும் சின்னச் சதுரத்தைக் காட்டினேன். ஏழு மாடி வரைபடத்தில் அவருக்கு உச்சியில், துறைமுகம் முழுக்கத் தெரியும் அறை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கதவு திறந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பினம்" என்றார். ஓம் ஐயா என்றேன். தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வருகிற செவ்வாய் திரும்பக் கொண்டுவருவார்.